ஆக்ஸியம், ஃப்ரைகேஸ், ஓப்பன்ஆக்ஸியம்: வகைச் சரிபார்ப்பில் எங்கே வேறுபடுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிஷியஸில் கணிதமோ கணினியியலோ பயிலும் மாணவர்களுக்காகவும், ஆசிரியர்களுக்காகவும், எபேன் சைபர் சிட்டி அலுவலகங்களில் நிரல் எழுதும் நம்மவர்களுக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஆக்ஸியம், ஃப்ரைகேஸ், ஓப்பன்ஆக்ஸியம் மூன்றும் குறியீடுகளைக் கொண்டு இயற்கணிதக் கணக்குகளைச் செய்யும் மென்பொருள்கள். ஒரு மதிப்பு முழு எண்ணா, பின்னமா, அணியா என்று சொல்வது அதன் வகை; வகைகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே வகைச் சரிபார்ப்பு. பாடம் ஆங்கிலத்திலும் பேச்சு கிரியோலிலும் நடக்கும் ஊரில் இந்த விஷயத்தைத் தமிழில் ஓரிடத்தில் வைப்பதே நோக்கம். வகைகளின் பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் உள்ளன. கணினியில் உள்ளிடும்போது அவற்றின் வழக்கமான ரோமன் எழுத்து வடிவத்தையே பயன்படுத்த வேண்டும்.

இயற்கணித மென்பொருளுக்கு வகை எதற்கு? மேக்ஸிமா வகையே கேட்பதில்லையே?

மேக்ஸிமா என்ற இயற்கணித மென்பொருளில் எதை உள்ளிட்டாலும் அது ஒரு கோவை. கூட்டல், பெருக்கல், சைன் என்று எல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாகவே சேமிக்கப்படும். பள்ளிக் கணக்குகளுக்கு அது போதும். ஆனால் 5 உறுப்புகள் கொண்ட முடிவுறு புலத்தின் (பூச்சியம் தவிர எந்த உறுப்பாலும் வகுக்கக்கூடிய எண் அமைப்பே புலம்) மேல் பல்லுறுப்புக்கோவைகளைக் காரணிப்படுத்த வேண்டும், அந்தப் பல்லுறுப்புக்கோவைகளையே உறுப்புகளாகக் கொண்ட அணி ஒன்றின் அணிக்கோவையைக் காண வேண்டும் என்று வந்துவிட்டால், ஒவ்வொரு குறியீடும் எந்தக் கணத்தைச் சேர்ந்தது என்பதை யாராவது நினைவில் வைத்திருந்தே ஆக வேண்டும். மேக்ஸிமாவில் அந்தப் பொறுப்பு பயனருடையது. ஆக்ஸியம் குடும்பத்தில் அது மென்பொருளுடையது.

இந்த மூன்றுக்கும் என்ன உறவு?

மூன்றும் ஒரே மூல நிரலிலிருந்து பிரிந்தவை. ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் 1965இல் ஸ்கிராட்ச்பேட் என்ற பெயரில் தொடங்கிய பணி, 1977 முதல் ரிச்சர்ட் ஜெங்க்ஸ் முதலியோரின் கையில் ஸ்கிராட்ச்பேட் 2 ஆகப் புதிதாக எழுதப்பட்டது. 1990களில் அது நாக் நிறுவனத்தின் கைக்குப் போய் ஆக்ஸியம் என்று விற்பனையாயிற்று. 2001இல் விற்பனை நின்றது. பிறகு டிம் டேலியின் பொறுப்பில் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. 2007இல் அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன: வால்டெக் ஹெபிஷ் நடத்தும் ஃப்ரைகேஸ், கேப்ரியல் டாஸ் ரெய்ஸ் தொடங்கிய ஓப்பன்ஆக்ஸியம். இவற்றுக்கு ஆல்டோர் என்ற பங்காளியும் உண்டு. ஐபிஎம்மில் ஸ்டீபன் வாட் முதலியோர், ஆக்ஸியத்தின் நூலக மொழியான ஸ்பேடுக்கு அடுத்த தலைமுறை மொழியாக உருவாக்கியது அது.

வேறுபாடுகள் இந்த மூன்றுக்கும் இடையிலா, அல்லது ஒவ்வொன்றின் உள்ளேயுமா?

இரண்டும்தான். ஆனால் புதிதாக வருபவரைத் திணறடிப்பது பெரும்பாலும் இரண்டாவது. ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் வகையைச் சரிபார்ப்பவர் இருவர் இருக்கின்றனர். திரையில் வரி வரியாக உள்ளிடும்போது விடை தருவது இன்டர்பிரெட்டர். நூலகக் கோப்புகளை எந்திர நிரலாக்குவது ஸ்பேட் கம்பைலர். இன்டர்பிரெட்டர் தாராள மனமுடையது: உங்கள் எண்ணத்தை ஊகிக்கும், வகையை மாற்றிப் பார்க்கும், பொதுவான வகை ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும். கம்பைலர் கறார்ப் பேர்வழி: கோப்பில் அறிவிக்கப்பட்டதையும் இறக்குமதி செய்யப்பட்டதையும் தவிர வேறெதையும் பார்க்காது. ஆக்ஸியத்துக்கும் ஃப்ரைகேஸுக்கும் உள்ள தூரத்தைவிட, ஃப்ரைகேஸின் இன்டர்பிரெட்டருக்கும் அதன் கம்பைலருக்கும் உள்ள தூரம் அதிகம் என்பது என் கணிப்பு. கீழே வரும் பதில்களில் பலவும் இதைச் சுற்றியே அமையும்.

6/3 என்று கொடுத்தால் விடை 2 என்று வருகிறது. ஆனால் வகை ‘ஃபிராக்ஷன் இன்டிஜர்’ என்று காட்டுகிறதே?

சரியாகத்தான் காட்டுகிறது. முழு எண் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பொதுவாகக் கிடைப்பது பின்னம். வகை என்பது செயலின் வரையறையிலிருந்து வருகிறதே தவிர, கிடைத்த மதிப்பைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. பகுதி 1 ஆக அமைந்துவிட்ட பின்னமும் பின்னமே.

அதை முழு எண்ணாக்க வேண்டுமானால் (6/3)::இன்டிஜர் என்று எழுதலாம், 2 கிடைக்கும். (1/2)::இன்டிஜர் என்று எழுதினால் இந்த மதிப்பை அந்த வகைக்கு மாற்ற இயலாது என்ற மறுப்பு வரும். ஆக, மாற்றம் அனுமதிக்கப்படுமா என்பது வகைகளை மட்டும் பொறுத்ததன்று; ஓடும் நேரத்தில் கையிலிருக்கும் மதிப்பையும் பொறுத்தது.

மற்ற மென்பொருள்களில் இதே 6/3 என்னாகிறது என்று ஒப்பிட்டால் ஒவ்வொன்றின் மனப்போக்கும் தெரியும். சேஜில் விடை விகிதமுறு எண்களின் புலத்தைச் சேர்ந்தது, மேக்மாவிலும் அப்படியே. சிம்பையில் முழு எண்ணான ஆறை மூன்றால் வகுத்தால் சுருங்கி முழு எண் இரண்டாகவே ஆகிவிடும். மேக்ஸிமாவிலும் முழு எண்தானா என்று கேட்டால் ஆம் என்றே பதில் வரும். முதல் இரண்டும் ஆக்ஸியத்தின் பக்கம், பின்னிரண்டும் எதிர்ப்பக்கம்.

இனி இதே வரியை ஸ்பேட் கோப்பில், இன்டிஜர் என்று அறிவித்த மாறிக்கு மதிப்பாக எழுதிப் பாருங்கள். கம்பைலர் ஏற்காது. டொமைன் என்பது ஒரு வகையும் அது வெளியே தரும் செயல்களும் சேர்ந்த தொகுப்பு. இன்டிஜர் டொமைன் வகுத்தல் குறியை ஏற்றுமதி செய்வதில்லை; ஃபிராக்ஷனிலிருந்து அதைக் கொண்டுவந்தாலும் விடை முழு எண் வகையில் பொருந்தாது. அங்கே குவோ என்ற செயலைப் பயன்படுத்த வேண்டும்; அது மீதியை விட்டுவிட்டு ஈவை மட்டும் தரும், ஆகவே 7 குவோ 2 என்பது 3. மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் எக்ஸ்குவோ இருக்கிறது: வகுபட்டால் ஈவு, வகுபடாவிட்டால் ‘தோல்வி’ என்ற மதிப்பு, இரண்டையும் சேர்த்து ஒரு யூனியன் வகை. வகுபடாத நேர்வை மறந்துவிட்டு நேராக அடுத்த கணக்குக்குப் போக இந்த வகை உங்களை அனுமதிப்பதில்லை. எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2 = 3 என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லாமல் அதையே திருப்பிக் காட்டுவது ஏன்?

இன்டர்பிரெட்டருக்கு அது கேள்வியாகத் தோன்றவில்லை, சமன்பாடாகத் தோன்றியது. விடையின் கீழே வகை ‘ஈக்வேஷன் இன்டிஜர்’ என்று இருப்பதைக் காணலாம். (2 = 3)@பூலியன் என்று எழுதினால், பூலியன் விடை, அதாவது உண்மை அல்லது பொய், தரும் சமக்குறியைத் தேர்ந்தெடுத்து ‘ஃபால்ஸ்’ என்று சொல்லும். நிபந்தனை வாக்கியத்துக்குள் இட்டால் இதுவும் வேண்டாம். அந்த இடத்தில் பூலியன்தான் வரமுடியும் என்பது தெரிந்திருப்பதால் தானாகவே சரியானதை எடுத்துக்கொள்ளும்.

ஒரே பெயருள்ள செயல்களை அவை ஏற்கும் உள்ளீடுகளை வைத்து மட்டுமன்றித் தரும் விடையின் வகையை வைத்தும் பிரித்தறிவது இந்தக் குடும்பத்தின் தனிக்குணம். பைத்தான் அடித்தளத்தில் நிற்கும் சேஜிலும் சிம்பையிலும் இதற்கு இடமில்லை.

::, @, $, ப்ரிடெண்ட் ஆகிய நான்குக்கும் என்ன வேறுபாடு?

இரட்டை முக்காற்புள்ளி, மதிப்பை மாற்றித் தரச் சொல்கிறது. அதற்காக ஏதோ ஒரு சார்பு உண்மையிலேயே ஓடுகிறது. @ குறி எதையும் மாற்றாது. எந்த வகை விடையைத் தரும் சார்பைத் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் சொல்கிறது. $ குறி, சார்பு எந்த டொமைனிலிருந்து வர வேண்டும் என்று பெயர் சொல்லி அழைக்கிறது. இம்மூன்றும் பாதுகாப்பானவை.

ப்ரிடெண்ட் பாதுகாப்பற்றது. எந்தச் சார்பும் ஓடாது, எந்தச் சோதனையும் நடக்காது. நினைவகத்தில் இருப்பதை அப்படியே வேறு வகையாக நம்பச் சொல்கிறது. பின்னம் ஒன்று உள்ளே தொகுதி, பகுதி என்ற இணையாகச் சேமிக்கப்பட்டிருக்கும்; அதை முழு எண் என்று நம்பவைத்துக் கூட்டச் சொன்னால் அடியிலுள்ள லிஸ்ப் மொழி குழம்பும், அல்லது அதைவிட மோசமாக, பிழைச்செய்தி ஏதுமின்றித் தவறான விடை வரும். பழைய நூலகக் கோப்புகளில் இந்தச் சொல் அடிக்கடி தென்படுகிறது என்பதற்காக உங்கள் நிரலிலும் எழுத வேண்டியதில்லை.

டொமைனின் வெளித்தோற்றமும் உள்ளமைப்பும் தானாக ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளுமா?

இங்கேதான் மூன்றும் உண்மையாகவே பிரிகின்றன. ஸ்பேடில் ஒரு டொமைனை வரையறுக்கும்போது, அதன் உறுப்புகளை வெளியுலகம் % என்ற வகையாகப் பார்க்கும். உள்ளே அவை எந்த வடிவில் சேமிக்கப்படுகின்றன என்பதை ரெப் என்று குறிப்போம். பழைய ஆக்ஸிய மரபில், ரெப்பை முக்காற்புள்ளி-சமக்குறி கொண்டு அறிவித்துவிட்டால், % வகை மதிப்பை ரெப் வகையாகவும் மறுதலையாகவும் கம்பைலர் தானே எடுத்துக்கொள்ளும். ஃப்ரைகேஸும் இந்த வழக்கத்தைத் தொடர்கிறது.

ஆல்டோர் இதை ஏற்கவில்லை. உள்ளே போக ‘ரெப்’, வெளியே வர ‘பெர்’ என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். ஓப்பன்ஆக்ஸியம், இரட்டைச் சமக்குறி கொண்டு ரெப்பை வரையறுக்கும் ஆல்டோர் பாணியை எடுத்துக்கொண்டு, ரெப், பெர் இரண்டையும் கம்பைலரே தரும்படி செய்தது. ஃப்ரைகேஸின் கோப்புகள் சிலவற்றிலும் இவ்விரு பெயர்களைக் காணலாம். ஆனால் அங்கே அவை கோப்பின் தலைப்பகுதியில் ப்ரிடெண்டைக் கொண்டு எழுதப்பட்ட மேக்ரோக்கள், அதாவது நிரல் சுருக்கங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். சரிபார்ப்பின் அளவு வேறு.

எது நல்லது? உள்ளமைப்பு, முழு எண்களின் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். சமக்குறி, கூட்டல் போன்ற செயல்கள் % வகைக்கும் இருக்கும், ரெப் வகைக்கும் இருக்கும். தானாக மாறும் அமைப்பில், சமக்குறியை வரையறுக்கும் வரியிலேயே அந்தச் சமக்குறியை எழுதினால், அது பட்டியல்களின் சமக்குறியா அல்லது தன்னையே மீண்டும் அழைக்கும் சமக்குறியா என்பதை வாசிப்பவர் கண்ணால் சொல்லிவிட முடியாது. இரண்டாவதாக இருந்தால் முடிவில்லாச் சுழல். வெளிப்படையாக எழுதினால் விரல் வலிக்கும், ஆனால் ஐயம் இருக்காது. நான் வெளிப்படையான பாணியின் பக்கம்.

ஆக்ஸியத்துக்காக எழுதிய கோப்பை ஃப்ரைகேஸில் கம்பைல் செய்ய முடியவில்லை. ஏன்?

காரணங்கள் பல இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது ‘ஆட்ரிபியூட்’. பழைய ஆக்ஸியத்தில், பெருக்கல் பரிமாற்றுப் பண்புடையது என்பது போன்ற செய்திகள், கேட்டகரியாக (ஒரு டொமைன் தர வேண்டிய செயல்களின் பட்டியலாக) இல்லாமல் தனிக் குறிப்புகளாக எழுதப்பட்டன. ஃப்ரைகேஸ் அந்தத் தனி அமைப்பை நீக்கிவிட்டு, அவற்றைச் சாதாரணக் கேட்டகரிகளாக மாற்றியது. பெருக்கலின் பரிமாற்றுப் பண்புக்கு இப்போது ‘கம்யூட்டேட்டிவ்ஸ்டார்’ என்ற கேட்டகரி இருக்கிறது. ஆகவே பழைய கோப்பில் ஆட்ரிபியூட் வரும் இடங்களையெல்லாம் தேடி மாற்ற வேண்டும். நல்ல மாற்றம் என்றே சொல்வேன்: சரிபார்ப்பவருக்கு ஒரே வகைச் செய்தியை ஒரே வழியில் படித்தால் போதும்.

இது தவிர, 2007க்குப் பிறகு கிளைகளில் நூலகச் செயல்களின் பெயர்களும் ஏற்றுமதிப் பட்டியல்களும் மாறியுள்ளன. குறிப்பிட்ட டொமைனின் செயல்களை )ஷோ கட்டளையால் பார்த்துக்கொள்ளலாம்.

‘இன்டிஜர்மாட்(5)’ ஒரு புலம்தானே? ‘இல்லை’ என்று ஏன் சொல்கிறது?

5 பகா எண் என்பதால் கணிதப்படி அது புலம்தான். ஆனால் 5ஆல் வகுத்த மீதிகளைக் கொண்டு கணக்கிடும் இந்த இன்டிஜர்மாட் என்ற டொமைனை எழுதியவர், அது பரிமாற்று வளையம் (வகுத்தலுக்கு உறுதி தராத அமைப்பு) என்று மட்டுமே அறிவித்திருக்கிறார். உள்ளே வரும் எண் பகா எண்ணா என்று பார்த்துப் பட்டியலை நீட்டும்படி எழுதவில்லை. ‘இன்டிஜர்மாட்(5) ஹேஸ் ஃபீல்ட்’ என்ற கேள்விக்கு மென்பொருள் அறிவிப்பைப் பார்த்துப் பதில் சொல்கிறது. கணிதத்தைப் பார்த்து அல்ல. புலம் வேண்டுமானால் ‘பிரைம்ஃபீல்ட்(5)’ என்று கேட்க வேண்டும். பிரைம்ஃபீல்ட்(6) என்று கேட்டால், பகா எண்தான் வேண்டும் என்று பிழை வரும். அந்தப் பிழை ஓடும் நேரத்தில் வருவது, கம்பைல் செய்யும்போது வருவதன்று.

சேஜின் போக்கு நேர் எதிர். 5ஐ மட்டாகக் கொண்ட வளையம் புலங்களில் சேர்ந்ததா என்று கேட்டால், அப்போதே பகா எண் சோதனை செய்து, ஆம் என்று சொல்லி, அந்த வளையத்தின் கேட்டகரியையே புலமாக உயர்த்தி வைத்துக்கொள்ளும். கேள்வி கேட்டதாலேயே பொருளின் நிலை மாறுகிறது. குலங்களைக் கணக்கிடும் கேப் மென்பொருளிலும், ஒரு பொருளைப் பற்றிப் புதிதாகத் தெரியவரும் பண்புகள் அதன் வகையோடு சேர்ந்துகொண்டே போகும். கம்பைலர் இல்லாத இடத்தில் இது வசதி. முன்கூட்டியே சரிபார்க்க நினைக்கும் கம்பைலருக்கு இது தலைவலி.

எச்எஸ்சி மாணவர் ஒருவரின் கேள்வி: எக்ஸ் வர்க்கம் கழித்தல் 1, அதை எக்ஸ் கழித்தல் 1ஆல் வகுத்து, எக்ஸ் = 1 என்று இட்டால் ஃப்ரைகேஸ் 2 என்கிறது. ஆசிரியர் அது வரையறுக்கப்படவில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகின்றனர். ஃப்ரைகேஸில் வகுத்த உடனேயே எக்ஸ் கூட்டல் 1 என்று சுருங்கிவிடும். கீழே வகை ‘ஃபிராக்ஷன் பாலினோமியல் இன்டிஜர்’ என்று காட்டும். அந்த வகையின் உறுப்பு, பல்லுறுப்புக்கோவைகளின் பின்னப் புலத்தைச் சேர்ந்த ஒரு பொருள். அங்கே பொதுக்காரணி நீங்குவது 6/3 என்பது 2 ஆவதைப் போலவே விதிப்படி நடப்பது. ஆசிரியரோ மெய்யெண்களின் மேல் வரையறுத்த சார்பைப் பற்றிப் பேசுகிறார். அதன் சார்பகத்தில் 1 இல்லை. 1இல் எல்லை மதிப்பு 2 என்பது வேறு செய்தி.

மேக்ஸிமா, சுருக்கச் சொல்லும்வரை அந்தக் கோவையை அப்படியே வைத்திருக்கும். எக்ஸுக்கு 1 இட்டால் பிழை என்று நிற்கும். சிம்பை ‘நான்’, அதாவது எண்ணல்லாதது, என்று விடை தரும். ஒரே கணக்குக்கு மூன்று விடைகள். தேர்வுத் தாளில் ஆசிரியர் சொல்வதையே எழுதுங்கள். ஆனால் வகை வரியைப் படிக்கத் தெரிந்தவருக்கு, ஃப்ரைகேஸ் தன் விடை எந்த உலகத்தைச் சேர்ந்தது என்பதை ஒளிக்கவில்லை என்பதும் புரியும். மற்ற இரண்டிலும் அந்த வரியே இல்லை.

வகைச் சரிபார்ப்பைத் தாண்டிவிட்டால் கணக்கு சரி என்று நம்பலாமா?

முடியாது. கேட்டகரி என்பது செயல்களின் பெயர்களையும் அவற்றின் வகைகளையும் சொல்லும் பட்டியல். சேர்ப்புப் பண்பு, பங்கீட்டுப் பண்பு முதலான விதிகள் விளக்கக் குறிப்பில் மட்டுமே இருக்கும். அவற்றைக் கம்பைலர் சோதிப்பதில்லை. ‘டபுள்ஃப்ளோட் ஹேஸ் ஃபீல்ட்’ என்று கேட்டால் மென்பொருள் உண்மை என்கிறது. ஆனால் அந்த எண்களில் 10இன் 16ஆம் அடுக்கோடு 1ஐக் கூட்டி, அதே அடுக்கைக் கழித்தால் 0 வருகிறது. கழித்தலை முதலில் செய்துவிட்டு 1ஐக் கூட்டினால் 1 வருகிறது. சேர்ப்புப் பண்பு அங்கேயே உடைந்துவிட்டது.

‘எக்ஸ்பிரஷன் இன்டிஜர்’ வகையும் தன்னைப் புலம் என்று அறிவித்துக்கொள்கிறது. புலத்தில் வகுக்க, வகுக்கும் உறுப்பு பூச்சியமா என்று தெரிய வேண்டும். சைன், அடுக்குக்குறி, தனிமதிப்பு முதலியவை கலந்த கோவைகளில் அதைப் பொதுவாகத் தீர்மானிக்கும் வழிமுறை இருக்கவே முடியாது என்று 1968இல் ரிச்சர்ட்சன் நிறுவிவிட்டார். ஆகவே இந்த அறிவிப்பு, வேலை நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம். ஆக்ஸியத்தின் சார்புகளை நிரூபணக் கருவிகளோடு இணைக்க வேண்டும் என்று டிம் டேலி வலியுறுத்தி வருவது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

சேஜில் 5இன் புலமும் 7இன் புலமும் கலந்தால் என்ன ஆகும்?

கூட்டினால் வகைப்பிழை. 5இன் புலத்து உறுப்போடு 1/2ஐக் கூட்டினாலும் வகைப்பிழை, ஏனெனில் விகிதமுறு எண்களிலிருந்து அந்தப் புலத்துக்கு எல்லா உறுப்புகளுக்கும் பொருந்தும் தானியங்கி வழி இல்லை. 1/5 எங்கே போகும்? ஆனால் 1/2ஐ அந்தப் புலத்துக்கு மாற்றித் தா என்று வெளிப்படையாகக் கேட்டால் 3 கிடைக்கும். சேஜ், தானாக மாற்றுவதையும் கேட்டு மாற்றுவதையும் இப்படித் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆக்ஸியம் குடும்பத்தின் இன்டர்பிரெட்டரில் இந்தக் கோடு மங்கலாகத்தான் இருக்கிறது.

அணிகளின் அளவு பொருந்தாவிட்டால் முன்கூட்டியே தெரியுமா?

‘மேட்ரிக்ஸ்’ வகையில் தெரியாது. பெருக்கும்போதுதான் பிழை வரும். ‘ஸ்கொயர்மேட்ரிக்ஸ்’ வகையில் வரிசை எண்ணே வகையின் பகுதி என்பதால் இரண்டும் மூன்றும் வெவ்வேறு வகைகள். எனினும், வகைக்குள் வரும் எண்கோவைகள் சமமா என்று நிரூபித்துப் பார்க்கும் வேலையைக் கம்பைலர் செய்வதில்லை.

நம் ஊரில் தொடங்குபவர் எதை நிறுவுவது?

ஃப்ரைகேஸை. கட்டணம் இல்லை, தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது, சேஜ் வைத்திருப்பவர்கள் தொகையீடு காண அதற்குள்ளிருந்தே அழைக்கலாம். ஆனால் அப்படி அழைத்தால் விடை சேஜின் குறியீட்டுக் கோவையாகத் திரும்பி வரும், ஃப்ரைகேஸ் வைத்திருந்த வகைச் செய்தி வழியிலேயே உதிர்ந்துவிடும். ஒருமுறை இறக்கிவைத்துவிட்டால் இணையம் தேவையில்லை. புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போய் வீட்டில் அடைபட்டிருக்கும் நாளிலும், மடிக்கணினியில் மின்சாரம் இருக்கும்வரை ஓடும். ஓப்பன்ஆக்ஸியத்தின் கம்பைலர் கோப்புகளைப் படிப்பதற்காக வைத்துக்கொள்ளலாம்.

இன்டர்பிரெட்டர் ஏன் இந்தச் சார்பைத் தேர்ந்தெடுத்தது, ஏன் மறுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘)செட் மெசேஜ் பாட்டம்அப் ஆன்’ என்று உள்ளிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு வரிக்கும், எந்தெந்தச் சார்புகளைப் பரிசீலித்தது, எவற்றைத் தள்ளியது, எதை எடுத்தது என்று பட்டியலிடும். பட்டியல் நீளமாக வரும்; கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பது எளிது. உதவி கேட்டு எழுதும்போது பிழைச்செய்தியை மட்டும் ஒட்டாமல், உள்ளிட்ட வரி, அதற்கு முந்தைய வரிகளின் கீழே வந்த வகை, மூன்றில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, இன்டர்பிரெட்டரில் உள்ளிட்டதா அல்லது ஸ்பேட் கோப்பா என்ற விவரங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.